துரைசாமி தொட்ட சேனை

எனக்குக் கோபம் வந்து நான் கத்த ஆரம்பித்தால், சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர், "இதுக்கு யாரு சேனை தொட்டது?" என்று கேட்டுவிடுவார். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொள்வார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்குச் சேனை தொட்டவர் துரைசாமி. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் வெகுகாலம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சேனை என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. பிறந்த குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, அவ்வளவுதான். ஆனால் யார் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம் குழந்தைக்கு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஆளைத் தேடிப் பிடிப்பார்கள். குடிக்காதவர், சூதாடாதவர், பெண்டாட்டியை அடிக்காதவர் என்று சலித்தெடுத்தால், அறுபதாம் வருஷத்துக் கெர்பாவ் ரோட்டில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? எங்கள் கடைவீட்டில் துரைசாமி ஒருவர்தான் மிஞ்சினார்.

கீழே கடை, மேலே பலகைத் தடுப்புப் போட்ட அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரே அடுப்படி, ஒரே குழாய். அப்படிப்பட்ட வீட்டில் குழாயடிச் சண்டை இல்லாமல் பொழுது விடியாது. துரைசாமி மட்டும் யாராவது குரலை உயர்த்தினால் தன் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அவர் நல்லவரா, சண்டை போடத் தெம்பில்லாதவரா என்று நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். கடைவீட்டுக்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் பார்க்க நேரமில்லை. நல்லவர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கு வேலை மசாலா மில்லில். மிளகாய் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கண் எப்போதும் சிவந்திருக்கும். சட்டைக் காலரில் மஞ்சளும் மிளகாயும் ஏறிப்போயிருக்கும். தும்முவார், இருமுவார். மில்லில் வேலை செய்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான் என்று அவர் மனைவி தங்கமே சொல்லிச் சிரிப்பாள்.

சேனை தொடக் கூப்பிட்டால் அவர் செய்கிற ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமாம். சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தேங்காயெண்ணெய் தடவித் துடைப்பார். மறுபடியும் கழுவுவார். அப்புறமும் விரலில் காரம் ஒட்டியிருக்குமோ என்று சந்தேகம் போகாது. சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்து, முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். எரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் அதே விரலைக் குழந்தையின் நாக்கில் வைப்பார். எவ்வளவு பக்குவம் பாருங்கள் என்று பெண்கள் மெச்சிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் நெஞ்சைப் படம் எடுக்கிற வண்டி ஒன்று வந்து நின்றது. இலவசம் என்றார்கள். எங்கள் பெண்கள் சிலர் போட்டோ என்று நினைத்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்றதை வைத்து ரொம்ப நாள் கேலி நடந்தது. மில் முதலாளி தன் ஆட்களை எல்லாம் அனுப்பினார். துரைசாமியும் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றுவிட்டு வந்தார். பிறகு மோல்மீன் ரோட்டுப் பக்கம் இருந்த கிளினிக்குக்கு வரச் சொல்லி அவருக்கு ஆள் வந்தது. வீட்டில் சொல்லாமல் போனார்.

அங்கே தமிழ் பேசுகிற மிஸ்ஸி ஒருவர் இருந்தார். நர்சை அப்போது மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். அவர் பெயர் ரோசம்மா. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அவர்தான் துரைசாமிக்குப் புரியவைத்தார். டீபி. ஊர்ப் பேச்சில் சயரோகம். பயப்பட வேண்டாம், முன்னைப் போல இல்லை, இப்போது மருந்து இருக்கிறது என்றார். காலையில் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், மாத்திரையை விடக்கூடாது, தட்டும் கோப்பையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், இருமினால் துணியால் வாயை மூட வேண்டும், வீட்டில் இருக்கிற எல்லோரும் வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம்.

"பச்சப்புள்ளைக்கும் வயசானவங்களுக்கும் நெஞ்சுல பலம் கிடையாது. அவங்க மூஞ்சிக்கிட்டப் போகவே கூடாது. வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

"இல்லீங்க மிஸ்ஸி."

அது பொய்யில்லை. அவர் அறையில் கைக்குழந்தை இல்லை. ஆனால் பிடோக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய ஒரே மகள் சந்திரமதி தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள், பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்குத்தான் வருவதாக இருந்தாள். கடைவீட்டில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இது எதையும் மிஸ்ஸி கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

ஏன் என்று கேட்டால், வெட்கம்தான். அடுத்த தெருவில் அந்த நோய் வந்த ஒருவரின் பாய் தலையணையைக் கூட இருந்தவர்களே தெருவில் தூக்கிப் போட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை. தெரிந்தால் பிடோக் சம்பந்தி என்ன சொல்வாள், சந்திரமதியைத் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்று பயந்தார். அதுவும் உண்மைதான். ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது என்றுதான் நான் சொல்வேன். நல்லவர் என்று பேர் வாங்கிய மனுஷருக்கு அந்தப் பேரைத் தவிர வேறு சொத்து இல்லை.

ஆக, ஒளிக்க ஆரம்பித்தார். தினமும் காலையில் எங்கே போகிறீர்கள் என்று தங்கம் கேட்டதற்கு, வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வேண்டுதல் என்றார். ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது கோயில் வாசலில் நின்று திருநீறு பூசிக்கொண்டு வந்தார். தனக்கென்று எனாமல் கோப்பை வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, என் கோப்பையில் மிளகாய்க் காரம் ஏறுகிறது, உனக்கு வாய் எரியும் என்றார். எல்லாவற்றுக்கும் மிளகாய் கைகொடுத்தது. விடிந்ததும் கோயிலுக்குப் போகிறார், எவ்வளவு பக்தி என்று அவர் மதிப்பு வீட்டில் இன்னும் ஏறியது. நெற்றியில் திருநீறோடு படியேறும்போது அந்தப் பேச்சு அவர் காதில் விழும். தலையைக் குனிந்துகொண்டு போவார். அதற்கும் அடக்கம் என்று பேர் வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நான் பிறந்தேன்.

என் அம்மா பூவம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து தங்கவில்லை. அதற்குச் சேனை தொட்டது யாரோ ஒரு தண்ணி போடுகிற சித்தப்பா. அவர் கைதான் காரணம் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். இந்த முறை துரைசாமி அண்ணன்தான் தொட வேண்டும் என்று நான் வயிற்றில் இருக்கும்போதே சொல்லி வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நான் நன்றாகப் பால் குடித்துவிட்டேன். சர்க்கரைத் தண்ணீரெல்லாம் கொடுக்காதீர்கள், தாய்ப்பால் போதும் என்று அங்கே சொல்லியும் அனுப்பினார்கள். அம்மா தலையாட்டினாள். தலையாட்டுவதில் எங்கள் பெண்களை மிஞ்ச முடியாது. வீடு வந்ததும் வாசற்படியில் நின்றுகொண்டு, துரைசாமி அண்ணனைக் கூப்பிடுங்கள் என்றாள்.

அவர் இறங்கி வந்தார். கையில் காரமாக இருக்கிறது, வேறு யாரையாவது தொடச் சொல்லுங்கள் என்றார். கழுவிக்கொண்டு வாருங்கள் என்றாள் அம்மா. இன்றைக்கு வேண்டாம், உடம்பு சரியில்லை என்றார். அடக்கத்துக்கு ஒரு அளவு இல்லையா என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா என்னை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் அவர் விரலை முக்கினாள். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். அவர் விரல் பழக்கத்தில் தன் நாக்குக்குத்தான் முதலில் போனது. பிறகு என் நாக்குக்கு வந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படி முழுக்க ஆட்கள் நின்றார்கள். அவரால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை என்று தங்கம் பிற்பாடு சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் அவளிடம், "பூவம்மா புள்ள இருமுதா?" என்று கேட்பாராம். எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைதான். வேலை முடிந்து வந்ததும் அந்தப் பலகையோரம் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாராம். நான் தும்மினால்கூட அவர் முகம் மாறும். சேனை தொட்ட பிள்ளை மேல் எவ்வளவு பாசம் என்று தங்கம் நினைத்துக்கொண்டாள்.

சந்திரமதி பிரசவத்துக்கு வந்தாள். புழுக்கம் என்று சொல்லிவிட்டு அவர் கீழே கடை வாசலில், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் கட்டில் போட்டுப் படுத்தார். மகளோடு பேசும்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். ஆண் குழந்தை பிறந்தது. பிடோக்கிலிருந்து சம்பந்தியம்மாளும் வந்து, பிள்ளையை டாக்சியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழக்கம்போல வாசற்படி நிறைய ஆட்கள். தங்கம் புதுக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வைத்திருந்தாள். சந்திரமதி பிள்ளையின் முகத்துணியை விலக்கி அப்பாவிடம் நீட்டினாள். பிள்ளை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

துரைசாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொடக்கூடாதும்மா. எனக்கு டீபி. ஊசி போட்டுக்கிட்டு வர்றேன்."

தங்கம் கிண்ணத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சந்திரமதி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்பாவிடமிருந்து அவள் அப்படி நகர்ந்ததைத்தான் அவரால் கடைசிவரை மறக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் அதோடு முடிந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். சபையில் உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்று கூட்டத்தில் யாரோ அதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதற்கும் ஒரு நல்ல பேர் வைத்திருப்பார்கள்.

அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டிலிருந்து வந்தாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்ண்ணே?"

அவர் படியில் உட்கார்ந்திருந்த தங்கத்தைப் பார்த்தார். அம்மா மறுபடியும் கேட்டாள்.

"கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன்ல. அப்பலேருந்து."

கோயிலுக்குப் போக ஆரம்பித்தது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். நான் பிறந்தது எப்போது என்றும் தெரியும்.

"அப்ப எம் புள்ளைக்குத் தெரிஞ்சேதான் தொட்டிருக்கீங்க. உங்க பேரன் வாயின்னா கை பின்னால போகுது. எம் புள்ள வாயின்னா போகலையா?"

நீதானே என் கையைப் பிடித்து வைத்தாய் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேயேதான் நின்றார்கள், அவர்களும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துரைசாமி தலையை நிமிர்த்தவே இல்லை. சந்திரமதியைச் சம்பந்தியம்மாள் அதே டாக்சியில் பிடோக்குக்குத் திருப்பி அழைத்துக்கொண்டு போனாள்.

அம்மா அன்றைக்கே என்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். பிறகு கடைவீட்டில் இருந்த எல்லோரையும் ரோசம்மா மிஸ்ஸி வரவழைத்தார். எங்களோடு இருந்த என் தாத்தா, அந்த இயந்திரம் ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று அடம்பிடித்தார். வயசானவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று மிஸ்ஸி ஆளைவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். தாத்தாவுக்கு ஒன்றுமில்லை. தங்கத்துக்கு லேசாகப் பிடித்திருந்தது, மாத்திரையில் சரியாயிற்று. எனக்கும் ஒன்றுமில்லை. பிறந்த உடனே கையில் போட்ட தடுப்பூசி ஒரு காரணம், அவர் சில வாரமாவது ஊசி போட்டிருந்தது ஒரு காரணம், மிச்சம் உன் அதிர்ஷ்டம் என்று அம்மாவிடம் மிஸ்ஸி சொன்னாராம். துரைசாமியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது.

அவர் கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். மில்லில் அரைக்கிற வேலையை விட்டுவிட்டு எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்தார். இருமல் நின்றுவிட்டது. சதை பிடித்தது. பிடோக்கிலும் கோபம் தணிந்து சந்திரமதி பிள்ளையோடு வந்து போனாள். ஆனால் சேனை தொட அவரை யாரும் கூப்பிடவில்லை. குழாயடியில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் தன் வாளியை வைப்பார். அம்மா அவரோடு பேசுவதில்லை. ஒரே அடுப்படி, ஒரே குழாய், ஒரே படிக்கட்டு, வருஷக்கணக்கில் ஒரு பேச்சு இல்லை.

என்னை அவர் ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை. நான் படியில் ஓடி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மற்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். எனக்கு உரியதைத் தங்கத்திடம் கொடுத்து அனுப்புவார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஒருமுறை அவர் காதில் விழும்படி, உம்மணாமூஞ்சி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சந்திரமதிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. உடம்பில் நோய் இல்லை என்று டாக்டர் சொல்லி ரொம்ப காலம் ஆகியிருந்தது. இந்தப் பிள்ளைக்கு அப்பாதான் தொட வேண்டும் என்று சந்திரமதி பிடிவாதமாக நின்றாள். சம்பந்தியம்மாள்கூடச் சரி என்றுவிட்டாள். தங்கம் கிண்ணத்தோடு காத்திருந்தாள். துரைசாமி எழுந்து, பின்கட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பூவம்மா, நீ வந்து சேனை தொடும்மா."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். அவர் வாயில் தன் பெயரைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"என் குணம் தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரிஞ்சுதான். கேக்க வேண்டியதை நீ ஒருத்திதானே கேட்ட."

அம்மா அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள். பிறகு பேசியபோது அவள் குரல் எனக்குப் பழக்கமான குரலாக இல்லை.

"நீங்க வேணாம் வேணாம்னுதான் சொன்னீங்க. கையைப் புடிச்சுத் தண்ணியில வச்சது நான். அத்தனை பேர் முன்னால உங்களைக் கேட்டேனே, அதை மட்டும் சொல்லலே. இன்னைவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலே. உங்களைப் பாத்துப் பேச எனக்குத்தான் மூஞ்சி இல்லண்ணே."

"புடிச்சது நீதான்மா. கை என்னோடது."

அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே அவர்கள் அறைக்குப் போனாள். அங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தங்கத்தின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். கையைப் பிடித்த கதையைச் சந்திரமதியிடம் இரண்டே வார்த்தையில் சொன்னாள். "உங்கப்பாவும் வேணாம், நானும் வேணாம். புள்ளைக்குப் பால் கொடுலா," என்றாள். சந்திரமதி பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு யாரும் சேனை தொடவில்லை.

துரைசாமி உள்ளே வராமல் கதவோரமாக நின்றிருந்தார். நான் அவரை முறைத்துக்கொண்டு நின்றேன். முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்தி, மறுபடியும் வாயெடுத்தார்.

"உனக்கு இருமல் ஒண்ணும் இல்லையேம்மா?"

இல்லை என்று சொன்னேன்.